பத்து விஎம் ஓடுகின்றன, டெர்ராஃபார்ம் மட்டும் 'ஸ்டில் கிரியேட்டிங்' என்கிறது

ஆயாக்கொட்டகை · திங்கள், இரவு 9.42

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பழைய தோட்டத்து ஆயாக் கொட்டகையை (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடம்) சரிசெய்து, எஸ்.பி.எம். (பள்ளியிறுதித் தேர்வு) முடித்த பிள்ளைகளுக்கு வாரம் மூன்று இரவு லினக்ஸ் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு காலத்தில் தொட்டில் தொங்கிய உத்தரத்துக் கொக்கிகளில் இப்போது நெட்வொர்க் கேபிள் தொங்குகிறது. பன்னிரண்டு பேர் படிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு விஎம் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) கொடுத்துவிட்டால் கெடுத்துக் கெடுத்துப் பழகலாம், கெட்டதை அழித்துவிட்டுப் புதிது கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

ஈப்போவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய சர்வர் ஒன்று இருக்கிறது. 64 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். அதில் விஎம்களை ஓட்டும் புராக்ஸ்மாக்ஸ் 8 போட்டேன். உபுண்டு 24.04 கிளவுட் இமேஜை 9000 என்ற எண்ணில் டெம்ப்ளேட்டாக (நகலெடுக்கும் மூலமாக) வைத்திருக்கிறேன். பன்னிரண்டு குளோனையும் (நகலையும்) டெர்ராஃபார்ம் எடுக்க வேண்டும், அதாவது நான் எழுதிய கோடைப் படித்து விஎம்களை உருவாக்கும் கருவி. அதை புராக்ஸ்மாக்ஸோடு இணைப்பது பிபிஜி புரொவைடர்.

அப்ளை கொடுத்தால் பத்து விஎம் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. புராக்ஸ்மாக்ஸ் திரையில் பார்த்தால் எல்லாம் பச்சை, ஓடுகின்றன. டெர்ராஃபார்ம் மட்டும் 'ஸ்டில் கிரியேட்டிங்... 10 நிமிடம்... 14 நிமிடம்' என்று எண்ணிக்கொண்டே போகிறது. சரியாக 15 நிமிடத்தில், ஏஜென்ட்டிடமிருந்து நெட்வொர்க் விவரம் வரவில்லை என்று முடிக்கிறது. ஐபி அவுட்புட் காலி. டெஸ்ட்ராய் கொடுத்தால் அதற்கும் அதே இழுவை.

சனிக்கிழமை பொறுமை போய் கன்ட்ரோல்-சி இரண்டு தடவை அடித்துவிட்டேன். இன்று அப்ளை கொடுத்தால் ஸ்டேட் லாக் (ஸ்டேட் கோப்பின் பூட்டு) கிடைக்கவில்லை என்கிறது. புதன் இரவு வகுப்பு. யாராவது கைகொடுங்கள்.

செம்பனை77 · திங்கள், இரவு 10.05

லாக் பிரச்சினை சின்ன விஷயம் அண்ணே. பிழைச் செய்தியிலேயே ஒரு நீளமான ஐடி இருக்கும். அதை எடுத்து டெர்ராஃபார்ம் ஃபோர்ஸ்-அன்லாக் கொடுங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் ஸ்டேட் கோப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். நான் வீட்டில் அப்படித்தான் செய்வேன்.

ஆயாக்கொட்டகை · திங்கள், இரவு 10.19

கொடுத்துப் பார்த்தேன். 'லோக்கல் ஸ்டேட்டை வேறொரு புராசஸ் அன்லாக் செய்ய முடியாது' என்கிறது. சரி, கோப்பை அழித்துவிடலாமா?

கிராணிமகன் · திங்கள், இரவு 10.31

தம்பி, கையை எடுங்கள். ஸ்டேட் கோப்பைத் தொடாதீர்கள்.

என் அப்பா தோட்டத்தில் கிராணி (கணக்கர்). விடியற்காலை பிரட்டில் (ஆள் எடுக்கும் இடத்தில்) ஆள் நின்றாலும் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் விழவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை. ஆள் காட்டில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருப்பான், கணக்கில் இருக்க மாட்டான். ஸ்டேட் கோப்பு என்பது டெர்ராஃபார்மின் செக்ரோல். அதை அழித்தால் விஎம் எதுவும் அழியாது. 'இவை என்னுடையவை' என்று டெர்ராஃபார்முக்கு இருந்த ஞாபகம்தான் அழியும். அடுத்த அப்ளையில் அது மறுபடி பன்னிரண்டு பேரைச் சேர்க்கப் பார்க்கும். எண்ணை நீங்களே குறித்திருந்தால் '101 ஏற்கெனவே இருக்கிறது' என்று சண்டை வரும். குறிக்கவில்லை என்றால் 22 விஎம் ஆகிவிடும், ரேம் தீர்ந்துவிடும்.

கன்ட்ரோல்-சி ஒரு தடவை அடித்தால் டெர்ராஃபார்ம் கையில் இருக்கும் வேலையை முடித்து, செக்ரோலில் எழுதிவிட்டு வெளியே வரும். 'பொறுங்கள், இல்லையென்றால் தரவு போகலாம்' என்று சொல்லவும் செய்யும். இரண்டாவது தடவை அடித்தால் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடும். உங்கள் பத்து விஎம்மும் அப்படித்தான் கணக்கில் வராமல் நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

இப்போது லாக். ஃபோர்ஸ்-அன்லாக் தொலைவில் ஸ்டேட் வைத்திருப்பவர்களுக்கு உதவும். உங்களைப் போல் அதே மெஷினில் கோப்பாக வைத்திருந்தால் பூட்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுவது. புராசஸ் செத்தால் பூட்டு தானாக விழும். விழவில்லை என்றால் என்ன அர்த்தம்? இன்னொரு டெர்ராஃபார்ம் எங்கேயோ உயிரோடு இருக்கிறது. தேடுங்கள்.

ஆயாக்கொட்டகை · திங்கள், இரவு 11.02

ஐயா, கண்டுபிடித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஞாயிறு மாலை வீட்டிலிருந்து நுழைந்து டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் திரை) அப்ளை கொடுத்திருக்கிறேன். அந்த நேரம் பெருமழை, லைன் போய்விட்டது. எல்லாம் அறுந்துவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். இப்போது டிமக்ஸைத் திறந்தால், 'என்டர் எ வேல்யூ' என்று நான் 'யெஸ்' சொல்வதற்காக ஒரு நாளுக்கு மேலாகக் காத்திருக்கிறது. நோ சொன்னேன். பூட்டு விழுந்துவிட்டது.

நீங்கள் சொன்னபடியே, புராக்ஸ்மாக்ஸில் பத்து விஎம். டெர்ராஃபார்ம் ஸ்டேட் லிஸ்ட்டில் ஒன்றுகூட இல்லை.

கிராணிமகன் · திங்கள், இரவு 11.10

அந்தக் கேள்வி கேட்டு நிற்கும்போதும் அது பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். பலர் இதில் விழுவார்கள்.

பத்திலும் பிள்ளைகளின் வேலை எதுவும் இல்லையே? அப்படியானால் அவற்றை ஸ்டேட்டில் சேர்க்க, அதாவது இம்போர்ட் செய்ய, மெனக்கெட வேண்டாம். புராக்ஸ்மாக்ஸில் கையாலேயே அழித்துவிடுங்கள். 9000-ஐ மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

செம்பனை77 · செவ்வாய், காலை 7.48

தெரியாமல் ஸ்டேட்டை அழிக்கச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் அண்ணே. ஆனால் ஒரு சந்தேகம். ஏன் இந்தப் பழைய சர்வரோடு மல்லுக்கட்ட வேண்டும்? 2024 ஆகஸ்டிலிருந்து ஏடபிள்யூஎஸ்ஸுக்கு (அமேசானின் வாடகை சர்வர் சேவை) மலேசியாவிலேயே ரீஜன் இருக்கிறது. டெர்ராஃபார்மும் அங்கே பிரமாதமாக ஓடும்.

ஆயாக்கொட்டகை · செவ்வாய், காலை 8.15

தம்பி, நான் சொன்ன மழையை மறந்துவிட்டீர்கள். லைன் போனாலும் கொட்டகைக்குள் வகுப்பு நடக்க வேண்டும். அப்புறம் மாதா மாதம் வரும் பில்லை யார் தலையில் கட்டுவது? பிள்ளைகளிடம் வாங்குவது பத்து வெள்ளி (ரிங்கிட்).

மழைச்சாரல் · செவ்வாய், மதியம் 1.20

கூலிமிலிருந்து. நைட் ஷிஃப்ட் முடித்து இப்போதுதான் எழுந்தேன். அண்ணே, பூட்டும் செக்ரோலும் முடிந்தது, நல்லது. ஆனால் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 15 நிமிடம் ஏன் இழுக்கிறது?

அது டெர்ராஃபார்மின் சோம்பல் இல்லை. உங்கள் கோடில் ஏஜென்ட் என்ற பகுதியில் எனேபிள்ட் ட்ரூ என்று போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் புரொவைடர், விஎம்முக்குள் ஓடும் கியூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் 'என் ஐபி இது' என்று சொல்லும்வரை காத்திருக்கும். அதற்கு அது வைத்திருக்கும் கெடு 15 நிமிடம். டெஸ்ட்ராய் இழுப்பதற்கும் காரணம் இதுதான். அணைந்துகொள் என்ற சொல்லையும் புராக்ஸ்மாக்ஸ் ஏஜென்ட் வழியாகத்தான் அனுப்புகிறது, கேட்க உள்ளே ஆள் இல்லை. வகுப்பு விஎம்தானே, ஸ்டாப்-ஆன்-டெஸ்ட்ராயை ட்ரூ ஆக்கிவிடுங்கள், பிளக்கைப் பிடுங்கியது போல் நின்றுவிடும்.

உபுண்டுவின் கிளவுட் இமேஜில் கெஸ்ட் ஏஜென்ட் சேர்ந்து வராது. நாம்தான் போட வேண்டும். போட்டீர்களா?

ஆயாக்கொட்டகை · செவ்வாய், மதியம் 1.46

போட்டேனே. முதல் பூட்டில் விஎம்மை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட்டுக்கான யூசர்-டேட்டா கோப்பில் பேக்கேஜஸ் பகுதியில் ஏஜென்ட்டின் பெயர் இருக்கிறது. அந்தக் கோப்பை சர்வரில் ஏற்றவே அரை நாள் ஆனது. ஸ்டோரேஜில் ஸ்னிப்பெட்ஸ் என்பதை டிக் செய்ய வேண்டும், ஏற்றுவதற்கு புரொவைடருக்கு எஸ்எஸ்எச் அனுமதியும் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

மழைச்சாரல் · செவ்வாய், மதியம் 1.51

கோப்பில் எழுதியது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு விஎம்மை மட்டும் உருவாக்குங்கள். டெர்ராஃபார்ம் திரையை விட்டுவிட்டு, புராக்ஸ்மாக்ஸில் அந்த விஎம்மின் கன்சோலைத் திறந்து, பூட் ஆகும்போது வருவதைப் படித்துச் சொல்லுங்கள். லாகின் வரியையும் அதற்கு மேல் இருப்பதையும் அப்படியே வேண்டும்.

ஆயாக்கொட்டகை · செவ்வாய், மாலை 6.33

பார்த்தேன். ஐபி அட்டவணை ஒன்று வருகிறது, 192.168.1.61 கிடைத்திருக்கிறது. இங்கிருந்து பிங் அடித்தால் பதில் வருகிறது. அதற்குக் கீழே, 'உபுண்டு' பயனருக்கு எஸ்எஸ்எச் சாவி எதுவும் இல்லை என்கிற மாதிரி ஒரு வரி. கடைசியில் 'உபுண்டு லாகின்:'. நெட்வொர்க் வேலை செய்கிறதே, அப்புறம் என்ன?

மழைச்சாரல் · செவ்வாய், மாலை 6.40

அண்ணே, அந்தக் கடைசி வரியை மறுபடி பாருங்கள். விஎம்மின் பெயர் 'மாணவர்-01' என்று வர வேண்டும் இல்லையா? 'உபுண்டு' என்று வருகிறது. சாவியும் ஏறவில்லை. நெட்வொர்க் அமைப்பு தனிக் கோப்பில் போகிறது, அதனால் ஐபி மட்டும் வந்துவிட்டது. யூசர்-டேட்டாவில் இருந்த பெயர், சாவி, பேக்கேஜ் எதுவுமே நடக்கவில்லை. கிளவுட்-இனிட் உங்கள் கோப்பைக் கையில் வாங்கி, புரியாமல் கீழே வைத்திருக்கிறது. கோப்பின் முதல் ஐந்து வரியை இங்கே போடுங்கள்.

ஆயாக்கொட்டகை · செவ்வாய், மாலை 6.52

என் வழக்கப்படி எழுதியதுதான்:

# உ
#கிளவுட்-கான்ஃபிக்
ஹோஸ்ட்நேம்: மாணவர்-01
பேக்கேஜஸ்:
  - கியூஇஎம்யூ-கெஸ்ட்-ஏஜென்ட்

(தலைப்பும் பெயர்களும் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன, முதல் வரியைத் தவிர.)

மழைச்சாரல் · செவ்வாய், மாலை 6.54

அண்ணே

பிள்ளையார் சுழி போட்டிருக்கிறீர்கள்

கிராணிமகன் · செவ்வாய், மாலை 6.58

அறுபது வயதில் இப்படி ஒரு பக் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆயாக்கொட்டகை · செவ்வாய், இரவு 7.03

எந்தக் கோப்பு ஆரம்பித்தாலும் கை தானாகப் போட்டுவிடும். ஹேஷ் குறி முன்னால் இருந்தால் கமென்ட்தானே, அதனால் என்ன?

மழைச்சாரல் · செவ்வாய், இரவு 7.15

வேறு யேமல் (அமைப்புகளை எழுதும் வடிவம்) கோப்பாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் கிளவுட்-இனிட் யேமல் மட்டும் வாங்குவதில்லை, ஷெல் ஸ்கிரிப்ட் கொடுத்தாலும் ஓட்டும். வந்தது எந்த வகை என்பதை முதல் வரியைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும். ஹேஷ், கிளவுட்-கான்ஃபிக் என்று இடையில் வெளி இல்லாமல் முதல் வரியில் இருந்தால் அது அமைப்புக் கோப்பு. உங்களுடையதில் முதலில் 'உ' நிற்கிறது. இது எனக்குத் தெரியாத வகை என்று பதிவுக் கோப்பில் எச்சரிக்கை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. வார்-லாக் அடைவில் கிளவுட்-இனிட் பதிவுக் கோப்பைத் திறந்தால் 'அன்ஹாண்டில்ட் நான்-மல்டிபார்ட்' என்று ஒரு வரி இருக்கும். ஆனால் சாவியே ஏறாததால் உள்ளே நுழைந்து பார்க்கவும் வழியில்லை. இந்தப் பிழை இவ்வளவு நாள் ஒளிந்திருந்ததே அதனால்தான்.

சுழியை எடுக்க மனமில்லை என்றால் இரண்டாவது வரிக்கு இறக்குங்கள்.

வழிப்போக்கன் · செவ்வாய், இரவு 8.11

இன்னும் டெர்ராஃபார்மா? 2023 ஆகஸ்டில் உரிமத்தை திறந்த மூலம் அல்லாத பிஎஸ்எல் என்று மாற்றிவிட்டார்களே. எல்லாரும் அதிலிருந்து பிரிந்த திறந்த மூல ஓபன்டோஃபுவுக்கு மாறுங்கள்.

கிராணிமகன் · செவ்வாய், இரவு 8.20

மாறலாம். மாறினாலும் பிள்ளையார் சுழி அங்கேயும் இதே வேலையைத்தான் செய்யும். உரிமத்துக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே வாருங்கள், எனக்கும் நிறைய கோபம் இருக்கிறது.

செம்பனை77 · செவ்வாய், இரவு 8.44

அண்ணே, ஒரு யோசனை. பன்னிரண்டு விஎம்மும் பூட் ஆகும்போது ஒவ்வொன்றும் ஏஜென்ட்டை இன்டர்நெட்டிலிருந்து இறக்கும். மழை லைனில் அது இழுக்கும். டெம்ப்ளேட்டிலேயே போட்டுவிடுங்கள். இமேஜை ஒரு தடவை பூட் செய்து, ஏஜென்ட் போட்டு, அணைத்து, அதை டெம்ப்ளேட் ஆக்கிவிட்டால் முடிந்தது.

ஆயாக்கொட்டகை · செவ்வாய், இரவு 11.37

செய்துவிட்டேன்! ஒரு விஎம் 2 நிமிடத்துக்குள் வந்துவிட்டது. 'மாணவர்-01 லாகின்:' என்று பார்த்தபோது நானே கைதட்டிவிட்டேன், வெளியே நாய் குரைத்தது. நாளை காலை பன்னிரண்டையும் போடுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

ஆயாக்கொட்டகை · புதன், காலை 10.26

நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பன்னிரண்டு ஐபி வர வேண்டிய அவுட்புட்டில் 192.168.1.57 என்பதே வரிசையாக நிற்கிறது. எஸ்எஸ்எச் கொடுத்தால் ஒரு தடவை மாணவர்-03க்குள் போகிறது, அடுத்த தடவை மாணவர்-09. மேக் முகவரிகளை (நெட்வொர்க் கார்டின் எண்) சரிபார்த்தேன், பன்னிரண்டும் வேறு வேறு. ரௌட்டருக்குப் பைத்தியமா?

இன்னொன்று. இரண்டு குளோன் முதலில் தோல்வி. 9000-இன் லாக் கோப்பு கிடைக்காமல் டைம்அவுட் என்றது. மறுபடி அப்ளை கொடுத்ததும் வந்துவிட்டது.

கிராணிமகன் · புதன், காலை 10.50

ரௌட்டர் மேல் தப்பில்லை. டெம்ப்ளேட்டை ஒரு தடவை பூட் செய்தீர்கள் அல்லவா, அப்போது பிடித்த சனி.

லினக்ஸ் முதன்முதலாக எழும்போது தனக்கென்று ஒரு அடையாள எண் போட்டுக்கொள்ளும். ஈடிசி அடைவில் மெஷின்-ஐடி என்ற கோப்பு. கிளவுட் இமேஜில் அது காலியாக வரும், குளோன் ஒவ்வொன்றும் எழும்போது தனித்தனி எண் போட்டுக்கொள்ளும். நீங்கள் பூட் செய்ததும் டெம்ப்ளேட்டிலேயே எண் விழுந்துவிட்டது. பன்னிரண்டு பிள்ளைக்கும் ஒரே ஐசி (அடையாள அட்டை) எண்.

உபுண்டு ரௌட்டரிடம் ஐபி கேட்கும்போது மேக் முகவரியைத் தன் பெயராகச் சொல்வதில்லை. அதன் நெட்வொர்க்-டி, மெஷின்-ஐடியிலிருந்து எடுத்த அடையாளத்தைச் சொல்லும். ரௌட்டர் பதிவேட்டைப் புரட்டுகிறது. 'இந்த ஆளுக்கு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) 57-ஆம் வீடு கொடுத்தாயிற்றே' என்று அதே சாவியைக் கொடுக்கிறது. பன்னிரண்டு குடும்பம் ஒரே வீட்டில்.

இதற்கு டெம்ப்ளேட்டை பூட் செய்யாமலே திருத்த வேண்டும். சர்வரில் லிப்கெஸ்ட்எஃப்எஸ்-டூல்ஸ் போட்டால் விர்ட்-கஸ்டமைஸ் என்ற கருவி வரும். புதிதாக இறக்கிய இமேஜ் கோப்பின் மேல் அதை ஓட்டி, இன்ஸ்டால் என்ற தேர்வில் ஏஜென்ட்டைச் சேருங்கள். கடைசியில் ட்ரங்கேட் என்று கொடுத்து மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிடாதீர்கள். விர்ட்-கஸ்டமைஸே ஓடும்போது ஒரு மெஷின்-ஐடியை எழுதிவைத்துவிடும், எழுதுகிறேன் என்று திரையில் சொல்லும், நாம்தான் படிக்க மாட்டோம். கோப்பை அழிக்க வேண்டாம், காலியாக இருந்தால் போதும். அப்புறம் அந்த இமேஜை வைத்து 9000-ஐப் புதிதாகக் கட்டுங்கள்.

செம்பனை77 · புதன், காலை 11.02

இரண்டு யோசனை சொன்னேன், இரண்டும் வில்லங்கம். இனி இந்த இழையில் தேநீர் மட்டும் போடுகிறேன்.

கிராணிமகன் · புதன், காலை 11.06

இல்லை தம்பி, டெம்ப்ளேட்டில் போடச் சொன்னது சரியான யோசனைதான். மெஷின்-ஐடியில் நானும் ஒரு வாரம் அழுதிருக்கிறேன்.

மழைச்சாரல் · புதன், மதியம் 2.14

9000-இன் லாக் விஷயம்: டெர்ராஃபார்ம் சொல்லாமலே பத்து வேலையை ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். முதல் நாள் பத்து மட்டும் தொடங்கியதாக எழுதினீர்களே, அதுதான். ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து பத்து முழு நகல், பழைய ஹார்ட் டிஸ்க்கில் எடுத்தால் வரிசையில் பின்னால் நிற்பவை சலித்துப்போய்விடும். அப்ளையோடு பேரலலிசம் 2 என்று கொடுங்கள். குளோன் பகுதியில் ஃபுல் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் இன்னும் நல்லது, முழு டிஸ்க்கையும் நகலெடுக்காமல் டெம்ப்ளேட் மேலேயே சாய்ந்து நிற்கும். ஆனால் அப்படிச் சாய்ந்திருக்கும்வரை 9000-ஐ அழிக்க முடியாது.

ஆயாக்கொட்டகை · புதன், இரவு 11.20

வகுப்பு முடிந்து வந்து எழுதுகிறேன்.

இமேஜைப் பூட் செய்யாமலே ஏஜென்ட் போட்டேன். நீங்கள் சொன்ன மெஷின்-ஐடி வரி திரையில் ஓடியதை இன்றைக்குப் படித்தேன் ஐயா. காலியாக்கினேன். பேரலலிசம் 2, லிங்க்ட் குளோன் (டெம்ப்ளேட் மேல் சாயும் நகல்). தேநீர் ஆற்றி முடிப்பதற்குள் பன்னிரண்டு விஎம், பன்னிரண்டு ஐபி. 7.30க்குப் பிள்ளைகள் உள்ளே நுழைந்தபோது எல்லாம் தயார்.

8.10க்கு மாணவர்-07 ரூட்டாக நுழைந்து யூஎஸ்ஆர் அடைவையே அழித்துவிட்டான். வேண்டுமென்றேதான். அழித்தால் என்ன ஆகும் என்று பார்த்தானாம். அவனுடையதை மட்டும் ரிப்ளேஸ் (அழித்துப் புதிதாக உருவாக்குவது) கொடுத்தேன். புதியது வரும்வரை பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கும் இங்கே கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறேன்.

மாணவர்-07 · புதன், இரவு 11.41

வணக்கம் அக்கா, வணக்கம் ஐயா. சார் யூசர்-டேட்டா கோப்பைக் காட்டினார். இரண்டாவது வரியில் உ இருக்கிறது. எனக்கு ஒரு கேள்வி. அழித்தபோது எல்எஸ் கட்டளைகூட இல்லை என்று சொன்னது, ஆனால் நான் இருந்த ஷெல் மட்டும் சாகவில்லை, சிடி, எக்கோ எல்லாம் வேலை செய்தது. கோப்பு இல்லாமல் அது எப்படி ஓடியது?

மழைச்சாரல் · புதன், இரவு 11.44

தம்பி, அதற்குப் புது இழை ஒன்று தொடங்கு. ஷிஃப்ட்டில் இருக்கிறேன், 1 மணி பிரேக்கில் வந்து எழுதுகிறேன்.